மலையேற்றத்திலும் நடைபயணத்திலும் குடிதண்ணீர்: மாத்திரை, ஃபில்டர் இல்லாமல் சுத்தப்படுத்தும் முறைகள் (கொங்குப் பகுதிக்கான முழு வழிகாட்டி)

குளோரின் மாத்திரையின் வாடை பிடிக்காதவர்கள், ஃபில்டர் வாங்கிச் சுமக்க விரும்பாதவர்கள், முருங்கை விதை, தேற்றான் கொட்டை, செம்புப் பாத்திரம், வெயில் என்று நம் ஊரில் கிடைப்பதை வைத்தே தண்ணீரைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு வேலையைத்தான் செய்யும். முருங்கை விதை, தேற்றான் கொட்டை, துணி, மணல் எல்லாம் தண்ணீரைத் தெளிய வைப்பவை. கொதிக்க வைப்பது, வெயில், செம்பு மூன்றும் கிருமியைக் கொல்பவை. தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்கும். கலங்கிய தண்ணீரில் வெயிலும் செம்பும் சரியாக வேலை செய்யாது. அதனால் முதலில் தெளிய வைக்க வேண்டும், பிறகு கொல்ல வேண்டும். இந்த வரிசையைத் தவறவிடுவதால்தான் "இயற்கை முறை எல்லாம் சும்மா" என்று சொல்லும் நிலைக்குப் பலர் வருகிறார்கள்.

எந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது

சுத்தப்படுத்துவதில் பாதி வேலை, எங்கே மொள்ளுவது என்று முடிவு செய்வதிலேயே முடிந்துவிடுகிறது. கீழே சொல்லும் முறைகள் எல்லாமே கிருமிக்கும் கலங்கலுக்கும் எதிரானவை. சாயம், தோல் பதனிடும் ரசாயனம், பூச்சிமருந்து, ஃபுளோரைடு, உப்பு இவற்றில் ஒன்றைக்கூட இவை எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி மீதியில் உப்பும் ஃபுளோரைடும் இன்னும் செறிவாகத்தான் ஆகும்.

ஆகவே திருப்பூருக்குக் கீழே நொய்யலை மறந்துவிடுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன ஆறு அது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது பாசனத்துக்கே ஆகாத தண்ணீர். ஈரோடு, பள்ளிபாளையம், பவானி பக்கம் பட்டறைகளை ஒட்டிய ஓடைகள், வாய்க்கால்கள் எதிலும் குடிக்க மொள்ள வேண்டாம். சேலம், தருமபுரி வட்டாரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். வழிப்போக்கராக ஒரு நாள் குடிப்பதால் பல் கெட்டுவிடாதுதான். ஆனாலும் தேர்வு இருந்தால் ஊராட்சிக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடியுங்கள்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஓடும் ஓடை பார்க்கக் கண்ணாடியாக இருக்கும். மேலே மருந்தடித்த சரிவு இருந்தால் அந்தத் தண்ணீரும் வேண்டாம். தோட்டத்துக்கு மேலே, சோலைக்காட்டிலிருந்து நேராக இறங்கும் தண்ணீரைத் தேடுங்கள். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் தண்ணீர் அவசரத்துக்கு ஆகும். துவைக்கும் படித்துறைக்கும் மாடு கழுவும் இடத்துக்கும் மேல்புறம், ஓட்டமுள்ள நடுப்பகுதியில் மொள்ள வேண்டும். நுரை, எண்ணெய்ப் படலம், பச்சைப் பாசி விரிப்பு, செத்த மீன் இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுங்கள்.

கோவைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சிறுவாணித் தண்ணீரின் ருசியை வைத்து, அந்த மலையில் ஓடும் எந்த ஓடையையும் அப்படியே குடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்பப்படுவது. ஓடைத் தண்ணீரில் யானை, காட்டுமாடு, மான், நமக்கு முன்னால் போன மனிதர்கள் என எல்லோருடைய கழிவும் மழையோடு வந்து சேர்கிறது. ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகளும் வரலாம். தண்ணீர் சில்லென்றிருப்பதால் அவை சாவதில்லை. குளிர்ந்த தண்ணீரில் அவை இன்னும் நாள் கணக்கில் உயிரோடிருக்கும்.

ஆற்று மணலில் ஊற்று

அமராவதியோ பவானியோ வற்றிக் கிடக்கும் நாளில், மேலே தேங்கிய குட்டையை விட மணலுக்கு அடியில் இருப்பது எவ்வளவோ மேல். தேங்கிய தண்ணீரின் ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, சுத்தமான மணலாகப் பார்த்து, முழங்கை ஆழத்துக்குத் தோண்டுங்கள். ஊறி வரும் முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதை முழுக்க இறைத்துக் கொட்டிவிட்டு மறுபடி ஊற விடுங்கள். இரண்டு மூன்று முறை இறைத்த பிறகு வருவது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சொம்பை அடியில் தட்டாமல், மேலாக மொள்ளுங்கள்.

மணல் கறுப்பாக, முட்டை அழுகிய வாடையோடு இருந்தால் அங்கே காற்றோட்டம் இல்லை, அடியில் ஏதோ மக்குகிறது என்று பொருள். வேறு இடம் பாருங்கள். ஊற்றுத் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தால் துணி, முருங்கை எதுவும் தேவைப்படாது. நேராகக் கொல்லும் வேலைக்குப் போகலாம்.

துணி

எளிமையாக இருப்பதால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ரீட்டா கோல்வெல் குழுவினர் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்பாக்கி வடிகட்டிய கிராமங்களில் காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி மிகச் சிறியது, துணியில் தங்காது. ஆனால் அது ஒட்டிக்கொண்டு வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் துணியில் தங்கிவிடும். நரம்புச் சிலந்தி நோயை இந்தியாவிலிருந்து ஒழித்ததிலும் துணி வடிகட்டலுக்குப் பங்கு உண்டு. ஈரமான மலைகளில் சுனைத் தண்ணீரோடு அட்டைக் குஞ்சு மூக்கிலோ தொண்டையிலோ ஏறாமல் இருக்கவும் இதுதான் காவல்.

புதுத் துணியை விடப் பல தடவை துவைத்த பழைய துணி நல்லது. நூல் பிசிறிப் பிரிந்து இடைவெளி சின்னதாகியிருக்கும். பழைய பருத்தி வேட்டியோ கைத்தறிச் சேலையோ போதும். திருப்பூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது என்று பனியன் துணியை எடுக்காதீர்கள். அது பின்னல் துணி. ஈரமாகி இழுபட்டதும் கண்ணிகள் விரிந்து எல்லாவற்றையும் உள்ளே விடும். நெய்த துணிதான் வேண்டும்.

போசியின் வாயில் நாலு மடிப்பாக, தொய்வாகக் கட்டி மெதுவாக ஊற்றுங்கள். முடிந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு, வடிகட்டிய தண்ணீராலேயே அலசி, வெயிலில் காய வையுங்கள். எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் அடுத்த முறை குழப்பம் வராது. அழுக்குப் பக்கம் உள்ளே போனால் வடிகட்டியதே வீண்.

முருங்கை விதை

மழைக்குப் பிறகு செம்மண் கரைந்து வரும் தண்ணீரைத் துணி தெளிய வைக்காது. அந்தக் களிமண் துகள்கள் அவ்வளவு நுண்ணியவை. எல்லாம் ஒரே மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். முருங்கை விதையில் இருக்கும் ஒரு புரதம் எதிர் மின்னேற்றம் கொண்டது. அது துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கி அடியில் இறக்கிவிடும். கிருமிகளிலும் பெரும்பகுதி, 90 சதவீதத்துக்கு மேல்கூட, அந்த வண்டலோடு இறங்கும். மீதமிருப்பதே நோய்க்குப் போதும் என்பதால் இதோடு நிறுத்தக் கூடாது.

அரவக்குறிச்சி, மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கைத் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை. மரத்திலேயே காய்ந்து பழுப்பான நெற்றை வாங்குங்கள். பச்சைக் காயின் விதை வேலை செய்யாது. விதைப்புக்கு என்று விற்கும் பாக்கெட் விதையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பூஞ்சை மருந்து தடவியிருக்கலாம். ஓட்டோடு இருக்கும் விதை பல மாதம் கெடாது. பொடித்தால் எண்ணெய் சிக்குவாடை அடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே விதையாகச் சுமந்து, தேவைப்படும்போது பொடியுங்கள். 20 விதை எடுத்துக்கொண்டால் பையில் இருப்பதே தெரியாது.

அளவு கலங்கலைப் பொறுத்தது. லேசான மங்கலுக்கு 4 லிட்டருக்கு 1 விதை. தெளிவாகக் கலங்கியிருந்தால் 2 லிட்டருக்கு 1. செம்மண் நிறமாக இருந்தால் லிட்டருக்கு 1. டீ மாதிரி இருந்தால் லிட்டருக்கு 2.

1. சிறகையும் ஓட்டையும் நீக்கி வெள்ளைப் பருப்பை எடுங்கள். கறுத்தது, மஞ்சள் அடித்தது இருந்தால் எறிந்துவிடுங்கள்.
2. இரண்டு சுத்தமான கல்லுக்கிடையில், அல்லது தட்டில் கரண்டியின் முதுகால் நசுக்கி, முடிந்த அளவு நைசாக்குங்கள்.
3. சின்ன பாட்டிலில் அரை டம்ளர் நல்ல தண்ணீரோடு சேர்த்து 5 நிமிடம் குலுக்குங்கள். பால் போல வரும்.
4. அந்தப் பாலைத் துணியில் வடித்து, கலங்கிய தண்ணீரில் ஊற்றுங்கள். சக்கை உள்ளே போகக் கூடாது.
5. 2 நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். பிறகு 10 நிமிடம் மிக மெதுவாக, நிமிடத்துக்கு 15 முதல் 20 சுற்று. இந்த மெதுவான சுற்றில்தான் துகள்கள் கோத்துக்கொண்டு திரளும். அவசரப்பட்டு வேகமாகச் சுற்றினால் திரண்டது உடைந்துவிடும்.
6. மூடி வைத்து 1 முதல் 2 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.
7. மேல்தண்ணீரை மட்டும் மெதுவாகச் சாய்த்து, நாலு மடிப்புத் துணியில் வடியுங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்தை விட்டுவிடுங்கள்.

தெளியவில்லை என்றால் முதலில் விதையைச் சந்தேகப்படுங்கள், அடுத்து மெதுவான கலக்கலை. ஏறக்குறைய தெளிந்த தண்ணீரில் இது சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் சேர்ந்து திரள அங்கே துகள் போதாது. அதற்காக விதையை அதிகமாகப் போட்டால் தண்ணீர் மறுபடி மங்கி, பச்சை வாடை வரும். விதையின் கரிமப் பொருள் தண்ணீரில் தங்குவதால், மிச்சமிருக்கும் கிருமி அதைத் தின்று மறுநாள் பெருகும். 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. தெளிந்த உடனேயே கொதிக்க வைத்துவிடுவது இன்னும் நல்லது.

தேற்றான் கொட்டை

இதன் வேலையும் அதே மாதிரிதான், அதிகச் சிரமமில்லாமல். கரடுமுரடான மண்கலயத்தின் உட்புறத்திலோ கல்லிலோ சிறிது தண்ணீர் விட்டுக் கொட்டையைச் சந்தனம் போலத் தேய்த்து, அந்த விழுதைத் தண்ணீரில் கலக்கி, மூடி வைக்க வேண்டும். கொட்டைக்குக் கொட்டை வேறுபடுவதால் அளவைச் சோதித்துப் பாருங்கள். மூன்று டம்ளரில் கலங்கிய தண்ணீர் எடுத்து, விழுதைத் துளி, இரண்டு துளி, நாலு துளி என்று விட்டுக் கலக்கி அரை மணி நேரம் பாருங்கள். எது நன்றாகத் தெளிகிறதோ அந்த விகிதம். இங்கும் அதிகமானால் கலங்கல் திரும்பி வரும்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். தேற்றானும் எட்டியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எட்டிக் கொட்டை கொடிய விஷம். அது சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக, வட்டமாக, சாம்பல் நிறத்தில் பட்டு மாதிரி மினுமினுக்கும். ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். தேற்றான் கொட்டை அதைவிடச் சிறியது, உருண்டை. காட்டில் பொறுக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். தெரிந்த கடையில் வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் முருங்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொதிக்க வைப்பது

இருக்கும் முறைகளில் முழுமையாக நம்பக்கூடியது இதுதான். பாக்டீரியா, வைரஸ், ஜியார்டியா, குளோரினுக்கும் அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி எல்லாம் இதில் சாகும். பாத்திரத்தின் அடியில் எழும் சின்னக் குமிழி கணக்கில் வராது. மேல்பரப்பு முழுக்கப் புரண்டு கொதிக்க வேண்டும்; அப்படி 1 நிமிடம். 2,000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதுவும் போதும். 10, 20 நிமிடம் கொதிக்க விடுவது விறகுக்கும் கேஸுக்கும்தான் நஷ்டம்.

அதே பாத்திரத்தில் மூடியோடு ஆற விடுங்கள். வேறு கேனில் ஊற்றுவதென்றால் அந்தக் கேனைக் கொஞ்சம் சுடுதண்ணீரால் முதலில் அலசுங்கள். கை விட்டு மொள்ளக் கூடாது. ருசி சப்பென்று போய்விட்டால் இரண்டு சுத்தமான பாத்திரத்துக்கு நடுவே நாலைந்து முறை ஆற்றுங்கள். காற்று ஏறி ருசி திரும்பும். சீரகம், துளசி, வெட்டிவேர் எது போடுவதானாலும் கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள்.

ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களிலும் மற்றக் காப்புக் காடுகளிலும் நெருப்பு மூட்டக் கூடாது. பிப்ரவரியிலிருந்து மே வரை சருகு பற்றினால் மலையே போகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் தீயில் சிக்கி இறந்தது மறக்கக் கூடியதா? அதனால் கொதிக்க வைக்கும் வேலையை அடிவாரத்தில், வீட்டில், தங்கும் விடுதியில் முந்தின இரவே முடித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் அனுமதி பெற்ற முகாமில் வழிகாட்டி சொன்ன இடத்தில் மட்டும் அடுப்பு.

வெயில்

கொங்குச் சமவெளியில் வெயிலுக்கு என்ன குறை? நிறமில்லாத பெட் பாட்டில், 2 லிட்டருக்கு மிகாமல், கீறல் விழாததாக எடுத்து லேபிளை உரித்துவிடுங்கள். முக்கால் பாகம் ஊற்றி 20 விநாடி குலுக்கி, பிறகு நிரப்பி மூடுங்கள். தகரக் கூரையிலோ பாறையிலோ படுக்க வைத்து, 6 மணி நேரம் முழு வெயில் படவேண்டும். காலை 9 மணிக்கு வைத்தால் மூன்று மணிக்கு எடுக்கலாம். வானத்தில் பாதிக்கு மேல் மேகம் என்றால் 2 முழு நாள். அடைமழை நாளில் இந்த முறையே வேண்டாம்.

போதிய தெளிவு இருக்கிறதா என்று பார்க்க, பாட்டிலைச் செய்தித்தாளின் தலைப்புமேல் நிறுத்தி, வாய் வழியாக மேலிருந்து பாருங்கள். எழுத்து வாசிக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் முருங்கைக்குத் திரும்புங்கள்.

இதில் வேலை செய்வது புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாட்டிலைக் குளிர வைத்தாலும் கதிர் தன் வேலையைச் செய்யும். எவர்சில்வர் பாட்டில், கெட்டியான பாலிகார்பனேட் பாட்டில், 20 லிட்டர் கேன் எதுவும் ஆகாது. பையின் பக்கத்துப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடந்தால் பாதி நேரம் நிழல்தான். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் 6 மணி நேர வெயிலைத் தாங்கக்கூடியது என்பதால், மாடு புழங்கும் தண்ணீருக்கு இதை விடக் கொதிக்க வைப்பதுதான் சரி.

செம்பு

2012-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் காலரா, சீதபேதி, டைபாய்டு வகைப் பாக்டீரியாக்கள் வளரும் நிலையில் இல்லாமல் போயின. தண்ணீரில் கரைந்த செம்பும் அனுமதித்த அளவுக்குள்ளேயே இருந்தது. 16 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். காலையில் சுனையில் பிடித்து மதியம் குடிப்பது வெறும் சுனைத் தண்ணீரேதான். உட்புறம் பூச்சோ ஈயமோ இல்லாத செம்பு வேண்டும். புளியால் தேய்த்து, நன்றாகக் கழுவி, தெளிந்த தண்ணீரை மட்டும் நிரப்புங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, ரசம் எதையும் அதில் ஊற்றாதீர்கள். புளிப்பு செம்பைக் கரைத்துக் குமட்டலை உண்டாக்கும். ஒட்டுண்ணிகளுக்கு இதை நம்ப வேண்டாம்.

தனியாக நம்பக் கூடாதவை

துளசி, வேப்பிலை, வெட்டிவேர், நன்னாரி எல்லாம் வாசனைக்கு. எலுமிச்சைச் சாறு வெயில் முறைக்குத் துணை செய்யும், தனியாகக் காப்பாற்றாது. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் கொட்டாங்குச்சிக் கரி வாடையையும் நிறத்தையும் நன்றாக இழுக்கும். துணிக்கும் துணிக்கும் நடுவே ஒரு கைப்பிடி கழுவிய கரித்தூள் வைத்து வடிக்கலாம். கிருமி அதில் சாகாது. நாள்பட்ட ஈரக்கரியில் கிருமி பெருகவே செய்யும், ஒரு பயணம் முடிந்ததும் கொட்டிவிடுங்கள்.

எந்தப் பயணத்துக்கு எது

வெள்ளியங்கிரிக்கு: அடிவாரம் பூண்டியில் பிளாஸ்டிக் சோதனை உண்டு, மலையில் நெருப்பு கிடையாது. ஆகவே வெயில் முறையும் அடுப்பும் விலக்கு. முந்தின நாள் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில், ஆளுக்கு 3 லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் செலவாகும். மலையேறும் பருவத்தில் வழியில் உள்ள பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை போன்றவற்றில் ஆயிரக்கணக்கானோர் கை வைப்பார்கள். முகம், கழுத்து நனைக்கப் பயன்படுத்துங்கள். குடிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், கை படாமல் விழும் தாரையில் பிடித்து, துணியில் வடித்துக் குடியுங்கள். அதில் மீதி ஆபத்து இருக்கிறது என்பதைத் தெரிந்தே குடியுங்கள். பக்தர்கள் குளிக்கும் ஆண்டி சுனையில் வேண்டாம்.

பழனிப் பாதயாத்திரைக்கு வெயில் முறை அருமையாகப் பொருந்தும். விடியலிலும் இரவிலும் நடந்து, பகலில் தோப்பிலோ சத்திரத்திலோ படுப்பவர்கள், வந்ததும் பாட்டில்களை மொட்டை மாடியில் அடுக்கிவிட்டுத் தூங்கினால் கிளம்பும்போது தண்ணீர் தயார். ஆளுக்கு 2 லிட்டர் பாட்டில் இரண்டு போதும். ஒன்றில் துணியால் ஒரு முடிச்சு கட்டி, வெயில் முடிந்தது எது, முடியாதது எது என்று பிரித்து வையுங்கள்.

வால்பாறை, கொல்லிமலை, பர்கூர் பக்கம் தங்கி நடப்பவர்களுக்குத் துணி, 20 முருங்கை விதை, மூடியுள்ள 2 லிட்டர் பாத்திரம், தங்குமிடத்தில் அடுப்பு. செம்புக் குடம் அறையில் இருந்தால் மாலை 4 மணிக்குத் தெளிந்த தண்ணீரை நிரப்பி மறுநாள் 8 மணிக்கு மேல் எடுங்கள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் கூட வந்தால் அவர்களுக்கு எந்த நிலையிலும் கொதித்த தண்ணீர் மட்டும்.

வயிறு கெட்டுவிட்டால்

1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கரையுங்கள். கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அதுவே மேல். ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு டம்ளர், மடக்கு மடக்காக. உப்பைக் கூட்டாதீர்கள், ஆபத்து. மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், 6 மணி நேரமாகச் சிறுநீர் வராதது, தலைசுற்றி நிற்க முடியாதது இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் இறங்கி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வழியில் 108-ஐ அழைக்கலாம். ஜியார்டியா என்றால் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். ஊர் திரும்பிய பிறகு நாற்றமான ஏப்பம், உப்பசம், கொழகொழப்பான பேதி இருந்தால் எந்தத் தேதியில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி, மலப் பரிசோதனை செய்யக் கேளுங்கள்.